டிராயருக்குள் முப்பது விசிட்டிங் கார்டு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சமையலறை சிங்க்குக்குக் கீழே குழாய் ஒழுகியது. ஜலீல் பாய்க்குப் போன் போட்டேன். அரை மணி நேரத்தில் வந்துவிட்டார்.

ஜலீல் பாய் யார் என்று சொல்லிவிடுகிறேன். பிளம்பர். வீடு சிம்மக்கல் பக்கம். எனக்கு நான்கு வருடப் பழக்கம். வருகிறேன் என்றால் வருவார். வாஷர் போதும் என்றால் வாஷரை மட்டும் மாற்றுவார், முழுக் குழாயையும் பிடுங்கிப் போட மாட்டார். வேலை முடிந்ததும் பழைய துணி கேட்டு வாங்கித் தரையைத் துடைத்துவிட்டுப் போவார். தரையைத் துடைக்கும் பிளம்பரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கே.கே. நகரில் இத்தனை வருடம் குடியிருந்து நான் பார்த்தது இவர் ஒருவரைத்தான்.

அன்றைக்கு அளவெடுக்க டேப்பைத் தேடினார்.

"நேத்து வேல பாத்த எடத்துலயே விட்டுட்டு வந்துட்டேண்ணே. வீட்டுல இன்ச் டேப் இருக்கா?"

நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "டிவிக்குக் கீழ டிராயர்ல கெடக்கும், எடுத்துக்கங்க பாய்" என்றேன்.

சொன்ன பிறகுதான் திக்கென்றது. அந்த டிராயரில் இன்ச் டேப் மட்டுமா இருக்கிறது?

அவருடைய விசிட்டிங் கார்டுகளும் இருந்தன. எட்டு மாதத்துக்கு முன்னால் கொண்டுவந்து கொடுத்தவை. "முப்பது இருக்குண்ணே. நாலு பேருக்குக் குடுங்க" என்று கேட்டார். "இதென்ன பாய், சொல்லணுமா?" என்று வாங்கி வைத்தேன். முப்பதும் அப்படியே இருந்தன. சுற்றிப் போட்ட ரப்பர் பேண்டைக்கூட நான் கழற்றவில்லை.

பார்த்தார். டேப்பை எடுத்துக்கொண்டு டிராயரை மூடினார். குழாயை மாட்டினார், தண்ணீரைத் திறந்து பார்த்தார், வழக்கம்போலத் தரையைத் துடைத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கிளம்பும்போதுதான் சொன்னார்.

"அண்ணே, கோயமுத்தூர் போகலாம்னு இருக்கேன். பெரிய அபார்ட்மென்ட் ஒண்ணுல மெயின்டனன்ஸ் வேல. மாசச் சம்பளம். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

"குடும்பம்?"

"மக பிளஸ் டூ படிக்குது. இப்பப் போயி பள்ளிக்கூடத்த மாத்த முடியுமா? அவங்க இங்கயே இருக்கட்டும். நான் மாசம் ஒருக்கா வந்து பாத்துட்டுப் போவேன்."

"இங்க என்ன பாய் கொறச்சல்?"

"வேல வரலண்ணே. நல்லாப் பாத்துக் குடுத்தா அந்த வீட்டுல ரொம்ப நாளைக்கு நம்மளக் கூப்பிட வேண்டியதே இல்ல. அவங்க இன்னும் நாலு வீட்டுக்குச் சொன்னாத்தான் நம்ம பொழப்பு ஓடும். எல்லாரும் வாயாரப் பாராட்டுறாங்க. யாரும் அடுத்தவங்ககிட்டச் சொல்ல மாட்டேங்கிறாங்களே... அது ஏண்ணே?"

டிராயர் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். கூசிப் போனது.

விளம்பரத்துக்கு அவர் முயற்சி செய்யாமல் இல்லை. ஸ்டிக்கர் அடித்து வீடு வீடாக மீட்டர் பெட்டியில் ஒட்டினார். எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒட்டிய அடுத்த வாரமே தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவர் அதன் மேல் தன் ஸ்டிக்கரை ஒட்டினார். அவருக்கு மேல் ஏ.சி. மெக்கானிக். அடுத்து, பாய் பேப்பருக்குள் வைத்து பிட் நோட்டீஸ் கொடுத்தார். எங்கள் வீட்டுக்கு வந்த நோட்டீஸ் மடிக்கப்பட்டு, ஆடுகிற டைனிங் டேபிள் காலுக்கு அடியில் இருக்கிறது. செல்போன் ஆப் ஒன்றிலும் சேர்ந்தார். ஒரு குழாய் உடைந்தால் அந்த ஆப் ஐந்து பிளம்பருக்குச் சொல்கிறதாம். ஐந்து பேரும் போன் செய்ய, வீட்டுக்காரர் பயந்துபோய் போனை அணைத்துவிடுகிறாராம்.

இதற்கெல்லாம் ஆலோசனை சொன்ன மேதை வேறு யார்? நான்தான். "லோகோ போடுங்க பாய்", "மேப்ல உங்க பேரு வரணும் பாய்", "பிராண்டு முக்கியம் பாய்..." நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எம்புட்டு வேண்டுமானாலும் சொல்லலாமே. வாயைத் திறந்து ஒரே ஒரு ஆளிடம் "நல்ல பிளம்பர், கூப்பிடுங்கள்" என்று மட்டும் சொல்லவில்லை.

ஏன்? காரணத்தை என் மனைவி என்றைக்கோ சட்டமாகவே போட்டுவிட்டாள். "நம்பர மட்டும் யாருக்கும் குடுத்துறாதீங்க. அப்புறம் அவரு பிஸியாயிருவாரு. நம்ம வீட்டுக்கு வர மாட்டாரு."

இதில் அவளை மட்டும் குறை சொல்ல முடியாது. போன மாதம்கூட, மூன்றாவது மாடிக்குப் புதிதாகக் குடிவந்த நர்ஸம்மா அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில், 'நல்ல பிளம்பர் யாராவது தெரியுமா?' என்று கேட்டிருந்தார். பன்னிரண்டு வீட்டிலும் பார்த்தார்கள். ஒருவரும் பதில் போடவில்லை. நான் ஒரு கைகூப்பும் எமோஜி போட்டுவிட்டு நகர்ந்தேன். அது எதற்கு என்று எனக்கே தெரியாது.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஜலீல் பாய் போன பிறகு மனசு சரியில்லாமல் மாடிப்படியில் இறங்கினேன். எதிர்வீட்டு குபேந்திரன் சாரும் அவர் மனைவியும் படியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சார் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். வீட்டில் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்கள். எனக்கு அந்த மொழி ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் 'ஜலீல் பாய்' என்பதும் 'கோயமுத்தூர்' என்பதும் எந்த மொழியில் பேசினாலும் அதேதானே?

நின்றேன்.

"சார்... உங்களுக்கும் ஜலீல் பாயா?"

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "ஒங்களுக்குமா?" என்றார்.

மூன்று வருடமாக அவர் வீட்டுக்கும் ஜலீல் பாய்தானாம். கோயமுத்தூர் விஷயத்தை அவரிடமும் போனில் சொல்லியிருந்தாராம். நான் ஆபீஸ் போன பிறகுதான் வரச் சொல்வாராம். வண்டியைப் பின் தெருவில் நிறுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. யாரும் கேட்டால் சொல்லக் கூடாது என்பதும் ஏற்பாடு. பாயும் வாக்குத் தவறவில்லை, என்னிடம் மூச்சு விடவில்லை. குபேந்திரன் சார் தன் போனை எடுத்துக் காட்டினார். 'ஜலீல் துபாய்' என்று பதிந்து வைத்திருந்தார். யாராவது எட்டிப் பார்த்தாலும் பிளம்பர் என்று தெரியக் கூடாதாம்.

சிரித்தோம். ஆனால் சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை.

"அந்தாளு ஊரை விட்டுப் போறதுக்கு நாமதான் காரணம் சார்" என்றேன். அவர் மறுக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். புதிதாக ஒரு பிரியாணிக் கடை நன்றாக இருந்தால் ஊரையே கூப்பிட்டுச் சொல்கிறோம். ஸ்டேட்டஸ் வைக்கிறோம். நல்ல பிளம்பர், நல்ல தையல்காரர், நல்ல வேலைக்கார அம்மா என்றால் மட்டும் வாயைப் பொத்திக்கொள்கிறோம். பிரியாணி தீர்ந்தால் இன்னொரு அண்டா ஏற்றுவார்கள். ஒரு மனிதரின் நாளை அப்படிக் கூட்ட முடியாதே? அதில் பங்குக்கு ஆள் வரக் கூடாது என்று பார்க்கிறோம். நம் ஒரு வீட்டை நம்பி அவர் வீட்டில் எப்படி உலை கொதிக்கும் என்று மட்டும் நினைப்பதில்லை.

அங்கேயே நின்று வாட்ஸ்அப் குரூப்பில் ஜலீல் பாய் நம்பரைப் போட்டேன். நாலு வருடமாக மறைத்து வைத்திருந்தேன், மன்னிக்கவும் என்றும் எழுதினேன். குபேந்திரன் சார், 'நானும்தான்' என்று போட்டார். அடுத்த பத்து நிமிடத்தில் இரண்டாவது மாடியிலிருந்து ஒரு 'நானும்'. தரைத்தளத்திலிருந்து இன்னொன்று. ஆக, ஒரே கட்டடத்தில் நாலு வீடு, நாலு பேரும் திருட்டுமுழி.

முப்பது கார்டையும் எடுத்துக்கொண்டு போனேன். பத்தை குபேந்திரன் சார் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தார். நர்ஸம்மா பத்து வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மீதியை நான் ஆபீஸில் கொடுத்தேன். ரப்பர் பேண்ட் மட்டும் டிராயரில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து ஜலீல் பாய் போன் செய்தார்.

"அண்ணே, நாலு நாளா போனு ஓயவே இல்ல. கோயமுத்தூர்க்காரங்ககிட்ட வரலன்னு சொல்லிட்டேன். மகதான் ரொம்ப சந்தோசப்பட்டுச்சு."

நான் உடனே, "நல்லது பாய். அப்படியே நம்ம வீட்டுப் பக்கம் வாங்க, பாத்ரூம் ஃபிளஷ் டேங்க் காலையிலிருந்து நிக்காம ஓடுது" என்றேன்.

அந்தப் பக்கம் நோட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"இன்னைக்கு முடியாதேண்ணே... நாளைக்கும் வேல இருக்கு. செவ்வாக்கெழம வாரேன், இன்ஷா அல்லா."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி ஒரு வாளியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

ஜலீல் பாய் நம்பர் வேண்டுமா? இனி யாருக்கும் மறைக்க மாட்டேன், கேட்டு எழுதுங்கள்... செவ்வாய்க்கிழமை மட்டும் போகட்டும்.