ஆலை நின்ற வாரத்துத் தண்ணீர்

எங்கள் ஊர்க் குடிநீர்க் கிணற்றுக்கு இருந்த மரியாதை சாமிக்குக்கூடக் கிடையாது. செருப்போடு யாரும் படியேறக் கூடாது. துணி அலசக் கூடாது. மாடு பக்கத்தில் வரக் கூடாது. ஒருமுறை என் குடத்தை அங்கேயே புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். தெருவே வேடிக்கை பார்க்க, பஞ்சாயத்துத் தலைவர் என்னை நிறுத்திவைத்து ஏசினார். அவர் தலைக்கு மேலே ஒரு பலகை. ‘குடிநீரை அசுத்தம் செய்யாதீர்’ என்று சின்ன எழுத்தில் இருக்கும். கீழே ‘உபயம்’ போட்டு, ஜவ்வரிசி ஆலை முதலாளியின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும்.

அந்த ஆலையின் கழிவு வாய்க்கால் கிணற்றை ஒட்டித்தான் ஓடியது. மரவள்ளிப் பால் புளித்து நுரைத்துக்கொண்டு போகும். கிணற்றுத் தண்ணீரிலும் அதே நாற்றம். வாய்க்காலை மட்டும் செருப்பைக் கழற்றச் சொல்ல ஆளில்லை. தலைவரிடம் முறையிட்டால் கிணற்றில் ஒரு கை பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டுப் போவார். நடை பழகிக்கொண்டிருந்த என் மகளுக்கு வயிற்றுப்போக்கு நின்றபாடில்லை. தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்தாலும் முகம் சுளித்துத் துப்பிவிடுவாள்.

அப்போதுதான் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. எங்கள் ஊர் ஆண்கள் சின்னசேலம் சாலையில் ஒரு புளியமரத்தை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். கிழங்கு லாரி வரவில்லை, ஆலை நின்றது, வாய்க்கால் காய்ந்தது. நடுவில் நல்ல மழையும் பெய்தது. கிணற்றில் நாற்றம் போயேபோய்விட்டது. மகள் முதன்முதலாக ஒரு டம்ளர் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“பாத்தீங்களா, நான் போட்ட பவுடரு வேலை செய்யுது!” என்றார் தலைவர்.

எனக்கு அரசியல் தெரியாது. மரம் அப்படியே கிடக்கட்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். ஆனால் எங்கள் கொல்லையில் பிடுங்கிப்போட்ட மரவள்ளி குவிந்து கிடந்தது. மறியல் முடிந்ததாகச் செய்தி வந்ததுமே என் கணவர் ரம்பத்தைத் தேடி எடுத்தார்.

“ரோட்டுக்காரங்க வந்து எடுக்கட்டுமே. இன்னாங்க அவசரம்? புள்ள இப்பத்தான் தண்ணி குடிக்குது.”

“கெயங்கு கெட்டுக்கினு கெடக்குது. மில்லு ஓடலன்னா புள்ளைக்குச் சோறு ஏதுடி?”

எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தோடு அண்டா, குண்டான் எல்லாவற்றிலும் தண்ணீரை நிரப்பி மூடிவைத்தேன்.

மரத்தை வெட்டியவர்களே அறுத்து நகர்த்தினார்கள். முதல் லாரிக்குத் தலைவர் மாலை போட்டாராம். முதலாளி மனம் குளிர்ந்து, சாலையோரம் பந்தல் போட்டு எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாராம். கணவர் ஒரு தூக்குவாளியோடு வந்தார்.

“குடிச்சிப் பாரு, சக்கரையாட்டம் இருக்குது. கள்ளக்குறிச்சியில மொதலாளி வூட்டுக் கெணத்துத் தண்ணி. நம்மூருத் தண்ணிய அவரு வாயில வெக்கவே மாட்டாராம்!”

பெருமையாகத்தான் சொன்னார். மகள் குடித்து முடித்து, இன்னும் வேண்டுமென்று டம்ளரை நீட்டினாள். வாய்க்காலில் அதற்குள் நுரை வந்துவிட்டிருந்தது.