செய்தியம்மா ஏறிப் பார்த்த இரண்டு கார்கள்

ஊரில் அவருக்குக் கத்திரி அக்கா என்று பெயர். படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் காலம் தள்ளுகிறவர்களின் வீடு தேடிப் போய் முடி வெட்டிவிடுவது அவர் தொழில். முதலில் ஓர் அழகு நிலையத்தில்தான் வேலை பார்த்தார். அங்கே வழக்கமாக வந்துகொண்டிருந்த ஓர் அம்மாளுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கடைப்படியில் சக்கர நாற்காலி ஏறாது. "அவங்க படியேற முடியலன்னா என்ன, நான் படியிறங்கிப் போறேன்" என்று கத்திரியையும் சீப்பையும் பையில் போட்டுக்கொண்டு அக்கா கிளம்பிவிட்டார்.

அந்த அம்மாள் வானொலியில் செய்தி வாசித்தவர். தெருவுக்கே அவர் செய்தியம்மா. பேச்சு குழறிப் போன பிறகும் தனக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் அக்காவைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, ஒரு வீடு பத்து வீடாகி, அதுவே தனித் தொழிலாக நின்றுவிட்டது. "என் வீட்டு அடுப்பு எரியறது அந்தம்மா புண்ணியத்துல" என்று அக்கா வாய்விட்டே சொல்வார்.

வீடு வீடாகப் போக அக்காவிடம் ஒரு சின்னக் கார் இருந்தது. ஒருநாள் அவர் உள்ளே ஒரு பெரியவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் நின்ற அந்தக் காரின் மேல் ஒரு லாரி பின்னால் வந்து ஏறிவிட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று; ஆனால் வண்டி இனி உதவாது என்று ஆகிவிட்டது.

பழைய கார்கள் விற்கும் இடத்தில் அதே ரகத்தில் இரண்டு நின்றன. ஒன்று முந்தைய தலைமுறை, மற்றது புதிய தலைமுறை. "ரெண்டுக்கும் பேரு ஒண்ணுதான் அக்கா. ஆனா ஒரே வயித்துல பொறந்ததுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க" என்று சிரித்தாள் விற்பனைப் பெண். முந்தையது பெட்டி போல நிமிர்ந்து நின்றது. அகலமான கதவு, பெரிய கண்ணாடி, திருகுவதற்குக் குமிழ்கள். புதியது தரையோடு பதுங்கி, கூரை பின்னால் சரிந்து, வழவழவென்று இருந்தது. குமிழ்களுக்குப் பதில் ஒரு தொடுதிரை. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். குறுக்கே யாராவது வந்தால் தானே நின்றுவிடும்.

வீட்டில் பட்டிமன்றம் தொடங்கியது. அக்காவின் கணவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்; ஊருக்கு அவர் பஸ்காரர். இனி அக்காவுக்கு வண்டி ஓட்டப் போவதும் அவர்தான். பழசுக்குத்தான் அவர் ஓட்டு என்று எல்லோரும் நினைத்திருக்க, அவரோ புதுசுக்காக ஒற்றைக்காலில் நின்றார்.

"வாழ்நாளெல்லாம் கியர் போட்டே என் தோள்பட்டை தேஞ்சு போச்சு. இதுல சும்மா உக்காந்தா போதும்."

"சும்மா உக்காந்து அந்தத் திரையையே பாத்துக்கிட்டுப் போய் கம்பத்துல முட்டுவீங்கப்பா" என்றாள் மகள். அவளுக்குப் பழசுதான் சரி.

அக்கா இருதலைக்கொள்ளி எறும்பாகத் தவித்தார். தானாக நிற்கும் வண்டி என்பது லேசான விஷயமா? மறுநாள் செய்தியம்மாவுக்கு முடி வெட்டும்போது இதையெல்லாம் கொட்டித் தீர்த்தார். செய்தியம்மா கண்ணாடியில் அவரைப் பார்த்தார்.

"நான்... ஏறிப் பாக்கட்டுமா?"

நோய் வந்த நாளிலிருந்து ஆஸ்பத்திரி வண்டியைத் தவிர அவர் எதிலும் ஏறியதில்லை. அக்கா அப்போதே விற்பனைப் பெண்ணிடம் போனில் தயங்கித் தயங்கிக் கேட்டார். "இதுக்கு ஏன் அக்கா இவ்வளவு யோசிக்கறீங்க?" என்று அவள் ஒன்றையும், பஸ்காரர் மற்றொன்றையுமாக ஓட்டிவந்து செய்தியம்மா வீட்டு வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

முதலில் புதியது. இருக்கை வெகு தாழ்வு. கூரை இடிக்காமல் இருக்க பஸ்காரர் தன் உள்ளங்கையைக் குடையாகப் பிடித்தார். செய்தியம்மா குழிக்குள் விழுவதுபோல் உள்ளே போய்ச் சேர்ந்தார். இறங்குவது அதைவிடப் பெரும்பாடு. மூன்று பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. தன்னை மூட்டை போலத் தூக்கியதில் அவர் முகம் வாடிவிட்டது.

"போதும்மா, இன்னொரு நாள் பாக்கலாம்" என்றார் அக்கா. செய்தியம்மா தலையை ஆட்டி, அடுத்த வண்டியைக் கண்ணால் காட்டினார்.

முந்தைய தலைமுறை வண்டியின் கதவு விரியத் திறந்தது. நாற்காலியை ஒட்டி வைத்தார்கள். இருக்கை அதே உயரம். நல்ல கையால் பிடியைப் பற்றிக்கொண்டு, மெல்ல நகர்ந்து, யாரும் தூக்காமல் அவராகவே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. பிறகு, பழைய மிடுக்கோடு நிமிர்ந்து சொன்னார்:

"தலைப்புச் செய்தி. நான்... ஏறிட்டேன்."

விற்பனைப் பெண் கைதட்டினாள். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மடக்கிய நாற்காலி பின்பக்கம் நின்றவாக்கிலேயே அடங்கிவிட்டது.

பஸ்காரர் ஓட்ட, ஆற்றுப் பாலம் வரை போனார்கள். செய்தியம்மா கண்ணாடியை இறக்கச் சொன்னார். அன்று வெட்டிய முடியில் காற்று அளைந்தது. "இந்தக் கட்டடம்... எப்ப வந்தது? இந்தக் கடை... எப்ப?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பாலம் வந்ததும் தண்ணீரையே பார்த்தார்.

திரும்பி வந்ததும் பஸ்காரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, "இதையே எடுத்துக்கறோம்மா" என்று விற்பனைப் பெண்ணிடம் சொல்லிவிட்டார்.

"என்னங்க, உங்க தோள்பட்டை?" என்றார் அக்கா.

"அது கெடக்கட்டும். பஸ் ஓட்டினப்ப என் முதுகுக்குப் பின்னால யார் ஏறினா, யார் இறங்கினான்னு எனக்கு என்ன தெரியும்? இன்னிக்குத்தான் ஒருத்தங்க ஏறுறதப் பக்கத்துல நின்னு பாத்தேன்."

அந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு இத்தனை காலம் வாழ்ந்ததற்கு அக்கா மனசுக்குள் கும்பிடு போட்டார். தானாக நிற்கும் வசதி போனது போனதுதான். அந்தக் கவலை அவருக்கு இன்னும் உண்டு. அதனால் பஸ்காரர் இரட்டிப்பு நிதானமாக ஓட்டுகிறார். சாயங்காலம் அவர் தோளுக்கு அக்கா தைலம் தேய்த்துவிடுகிறார்.

இப்போது சனிக்கிழமைகளில் முடி வெட்டியதும் விருப்பப்பட்டவர்களுக்கு ஒரு சுற்று. ஒரு தையல்காரர் தன் பழைய கடைத் தெருவை இரண்டு முறை சுற்றச் சொன்னார். ஓர் அம்மா எங்கும் போக வேண்டாம், மழையில் வண்டிக்குள் உட்கார்ந்தால் போதும் என்றார். இறங்கும்போது எல்லோரும் நன்றி சொல்கிறார்கள். "எனக்கு எதுக்கு? செய்தியம்மாவுக்குச் சொல்லுங்க" என்கிறார் அக்கா.

சென்ற வாரம் செய்தியம்மா போன் செய்தார்.

"சனிக்கிழமை... முடி வெட்டணும்."

"போன வாரம்தானம்மா வெட்டினோம்? வெட்ட அங்க என்ன இருக்கு?"



"அப்ப... வெட்டாம போவோம்."