கோயம்புத்தூரைத் தூங்கிக் கடந்தவர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை, அந்தமானில், போர்ட் பிளேர் ஷாதிபூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் படுத்தபடியே என் மகள் மேன்லேண்ட் பயணம் முழுவதையும் முடித்துவிட்டாள். போகவில்லை, போனிலேயே முடித்தாள். விமானத்தில் சென்னை, அங்கிருந்து ரயிலில் கோயம்புத்தூர், ஸ்டேஷன் வாசலில் வாடகைக் கார், அதை அவளே ஓட்டிக்கொண்டு மலைக்கு. நான் வெங்காயம் நறுக்கி முடிப்பதற்குள் எல்லாம் ஆகிவிட்டது. என் பங்குக்கு நானும் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "மெடிக்கல்ல வாந்தி மாத்திர வாங்கி வச்சுக்கோ" என்றேன்.

"ட்ரெயினுக்கு வாந்தி மாத்திரையா? உனக்கு என்னம்மா ஆச்சு?" என்று புரண்டு புரண்டு சிரித்தாள்.

சிரிக்கட்டும். அந்த மாத்திரையின் கதையைச் சொன்னால் இன்னும் அதிகமாகச் சிரிப்பாள். ஆனால் அவளுக்குக் கேட்கப் பொறுமை ஏது? உங்களுக்குச் சொல்கிறேன், நீங்கள் கேளுங்கள்.

நாங்கள் அப்போது நடு அந்தமானில் ரங்கத் என்ற ஊரில் இருந்தோம். அப்பா ரோடு போடும் வேலையில் அரசாங்க லாரி ஓட்டினார். கைக்குழந்தையாகக் கப்பலேறி வந்தவர், ரயிலைக் காலண்டர் படத்தில் மட்டுமே பார்த்தவர். அம்மா சிலோன் மலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களோடு மண்டபம் கேம்புக்கு வந்து, அப்புறம் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து, ரங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். அவள் ஒரே ஒரு தடவை ரயில் ஏறியிருக்கிறாள், மண்டபத்திலிருந்து மெட்ராஸ் வரைக்கும். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்ததால் ஒன்றையும் பார்க்கவில்லையாம்.

ஏன் அழுதாள் என்பதுதான் விஷயம். அம்மாவுக்கு ஒரு அக்கா, எனக்குப் பெரியம்மா. தாய் இல்லாத வீட்டில் அம்மாவைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். சிலோனிலேயே அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதால் அவளுக்குத் தனி குடும்ப அட்டை. கேம்பில் ஒருநாள் மத்தியானம் அம்மா சோற்று வரிசையில் நின்று, தனக்கும் அக்காவுக்குமாக இரண்டு தட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். வந்து பார்த்தால் அக்கா இல்லை. நீலகிரித் தோட்டத்துக்குப் பேர் கூப்பிட்டு, லாரி கிளம்பியாகிவிட்டது. இரண்டு தட்டையும் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாளாம். அதற்குப்பின் இருபது வருஷத்துக்கு மேல் கடுதாசிதான்.

எங்கள் பக்கத்தில் அரசாங்க ஊழியர்களுக்கு மேன்லேண்ட் போய்வர எல்.டி.சி. என்று ஒரு சலுகை உண்டு. குடும்பத்தோடு கப்பல், ரயில் எல்லாம் அரசாங்கச் செலவு. அது கிடைத்ததும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ராமேஸ்வரம், பழனி, மதுரை, ஊட்டி என்று தினம் ஒரு ஊர் சேர்ந்தது. பஜாரில் மேன்லேண்ட் போய்வந்த ஒருத்தரையும் அவர் விடவில்லை. நாங்கள் தாதா என்று கூப்பிடும் மிட்டாய்க் கடை வங்காளி அண்ணன் திருடனைப் பற்றிச் சொன்னார். மலையாளி கம்பவுண்டர் தண்ணீரைப் பற்றிச் சொன்னார். எல்லோரும் ஒன்றை மட்டும் சேர்ந்து சொன்னார்கள்: ரயில் கப்பல் மாதிரி நாள் முழுக்க நிற்காது, இறங்குவதற்குள் கிளம்பிவிடும்.

அம்மா எதிலும் கலந்துகொள்ளவில்லை. "எங்க வேணா கூட்டிக்கிட்டுப் போங்க. ஆனா மொதல்ல அக்காகிட்ட" என்றாள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ரயிலிலிருந்து இறங்கும் ஒத்திகை. பெஞ்சு, நாற்காலி, அரிசி டின் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டு, நானும் தம்பியும் அம்மாவும் மூட்டைகளோடு உட்கார வேண்டும். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்று திடீரென்று, "உத்ரோ! எறங்கு! உத்ரோ! அரே, சாமானப் புடி!" என்று கத்துவார். நாங்கள் விழுந்தடித்து வாசலுக்கு ஓடுவோம். அவசரத்திலும் அதிகாரத்திலும் அப்பாவுக்கு ஹிந்தி தானாக வந்துவிடும். பக்கத்து வீட்டுத் தெலுங்கு மாமி கஞ்சியை ஆற்றிக்கொண்டே நின்று வேடிக்கை பார்ப்பாள். இதைவிடப் பெரிய கூத்து ரங்கத்தில் அந்த வருஷம் நடக்கவில்லை.

பிறகு போர்ட் பிளேர், ஹாடோ துறைமுகம், கப்பல். இப்போதும் புதுப் பெயின்ட் வாசனையும் டீசல் வாசனையும் ஒன்றாக வந்தால் எனக்குக் கப்பலின் அந்த பங்க் கிளாஸ்தான் ஞாபகம். அடுக்கடுக்காகப் படுக்கை, ஆளுக்கு ஒரு பாலிதீன் பை, பக்கத்துப் படுக்கையின் ஊறுகாய். கப்பல் கிளம்பும் முன்பே ஆளுக்கு ஒரு வாந்தி மாத்திரை விழுங்க வேண்டும் என்பது அம்மா போட்ட சட்டம். ரப்பர் தோட்டத்துக்காரர்கள் எல்லோருக்கும் அது பழக்கம், நின்றிருக்கும் கப்பலிலேயே விழுங்கிவிட்டுப் படுத்துவிடுவார்கள்.

கப்பல் எந்தத் தேதியில் போய்ச் சேரும் என்று யாருக்கும் நிச்சயமில்லாததால் ரயில் டிக்கெட்டை மெட்ராசில் இறங்கிய பிறகுதான் எடுக்க முடிந்தது. எடுத்த கையோடு அப்பா பெரியம்மாவுக்குத் தந்தி கொடுத்தார். கோயம்புத்தூர் ஸ்டேஷனுக்கு அவளே மலையிறங்கி வந்து நிற்பதாக ஏற்கெனவே ஏற்பாடு.

ரயிலை முதல்முதலாகப் பார்த்ததைச் சொல்லட்டுமா? சிரிக்கக் கூடாது. நான் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். வந்துகொண்டே இருக்கிறது ஐயா, முடியவே இல்லை! ஒரு பெட்டி, இன்னொரு பெட்டி, அப்புறம் இன்னொன்று. தம்பி எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டான். நூறு லாரியை ஒரே சத்தத்தில் நிறுத்தியவரான என் அப்பா, வாயைத் திறந்து நின்றவர் மூடவில்லை. "பாப்ரே" என்றார் மெதுவாக. கோயிலில்கூட அவர் அப்படிக் கைகட்டி நின்று நான் பார்த்ததில்லை.

ஏறி உட்கார்ந்ததும் அதைவிடப் பெரிய ஆச்சரியம் ஜன்னலுக்கு வெளியே. நிலம். வெறும் நிலம். தீவில் பிறந்தவளுக்கு எந்தப் பாதையும் போய்ப் போய்க் கடைசியில் கடலில்தான் முடியும். இங்கே ரயில் இந்த ஓட்டம் ஓடுகிறது, கடலைக் காணோம். வயல் போகிறது, ஊர் போகிறது, மறுபடி வயல் வருகிறது. "எப்பப்பா முடியும்?" என்று தம்பி கேட்டான். "முடியாதுடா. டெல்லிக்கும் அந்தாண்ட இருக்குதாம்" என்றார் அப்பா, தானே செய்து வைத்தவர்போல. இவ்வளவு இடம் உலகத்தில் இருக்கிறது என்று ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லையே!

அவ்வளவு ஆச்சரியத்திலும் தூக்கம் கண்ணைச் சொருகியது. ஏனென்றால் அம்மா ஸ்டேஷனிலேயே சட்டப்படி ஆளுக்கு ஒரு மாத்திரை கொடுத்திருந்தாள். அப்பாவுக்கும் ஒன்று, தனக்கும் ஒன்று. நீண்ட பயணம் என்றால் மாத்திரை. அது கடலா தரையா என்று எங்களில் ஒருத்தருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை. போதாததற்கு அம்மா மூன்று நாளாகப் பொட்டுத் தூக்கமில்லாதவள். ஈரோட்டுக்கு முன்னாலேயே குடும்பம் மொத்தமும் ஒருத்தர்மேல் ஒருத்தர் சாய்ந்து தூங்கிவிட்டோம்.

முதலில் கண் விழித்தவர் அப்பா. சுற்றிலும் எல்லோரும் மலையாளம் பேசிக்கொண்டிருந்தார்கள். வேறு எந்தத் தமிழ்க் குடும்பமாக இருந்தாலும் அந்த நொடியில் பதறியிருக்கும். எங்கள் ஊரில் மலையாளம் கேட்டால் பக்கத்து வீடு என்றுதான் அர்த்தம். அப்பா சுகமாகச் சோம்பல் முறித்து, ஒரு டீயும் வாங்கிக் குடித்து, டீக்காரரிடம், "கோயம்புத்தூரு இன்னும் எவ்வளவு தூரம், சேட்டா?" என்று விசாரித்தார். அவர் பின்பக்கமாகக் கையைக் காட்டினார்.

பாலக்காட்டில் இறங்கினோம். ஒத்திகைக்குக் குறைவில்லை, கண் மூடித் திறப்பதற்குள் இறங்கிவிட்டோம். பிளாட்பாரத்தில் அம்மா மூட்டைமேல் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "ரெண்டாவது தடவையும் அக்காள விட்டுட்டேனே! அவ பொட்டி பொட்டியா எட்டிப் பாத்திருப்பாளே! நா வரலன்னு நெனச்சு மல ஏறியிருப்பாளே!" அப்பாவைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அவள்.

அப்பா வெளியே ஓடி ஒரு அம்பாசிடர் காரைப் பேசிக் கொண்டுவந்தார். எங்கள் குடும்பத்தின் முதல் கார் பயணம் அப்படித்தான் நடந்தது, அழுகையோடு. ஆனாலும் மனுஷ மனசைப் பாருங்கள், அந்த நிலையிலும் எங்களால் ஆச்சரியப்படாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊர் ட்ரங்க் ரோடு நடுவில் தண்ணீரில் அறுந்துபோகும். பஸ்ஸும் லாரியும் படகிலேறி அக்கரை போக வேண்டும். பழங்குடிகள் இருக்கும் காட்டுக்குள் போலீஸ் வண்டியோடு கான்வாயாக, வரிசையாகத்தான் போக வேண்டும். அப்பா டிரைவரிடம், "கான்வாய் எங்க சேரணும்? படகு எந்த எடத்துல?" என்று கேட்டார். டிரைவர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். யாரையும் கேட்காமல், எதற்கும் நிற்காமல் ரோடு போய்க்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் மலை எழுந்து நின்று நடுவில் வழிவிட்டது. "இப்பிடியும் ஒரு ரோடா" என்று அப்பா தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கோயம்புத்தூர் ஸ்டேஷனில் விளக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள். அம்மா காரிலிருந்து இறங்கி ஓடினாள், செருப்புகூட இல்லாமல். நாங்கள் பின்னால் ஓடினோம்.

பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் அதே நெற்றி, அதே மூக்கு. அருகில் தூக்குச்சட்டி. அம்மா நாலடி தள்ளியே நின்றுவிட்டாள். அவள்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

"சின்னக்குட்டி! வந்திட்டியா ஆயி?"

அப்புறம் இரண்டு பேரும் அழுததை நான் எழுதப் போவதில்லை. எழுதவும் வராது. போவோர் வருவோர் எல்லாம் நின்று பார்த்தார்கள். கடைசியில் அம்மா, "ரயிலு போயி எவ்வளவு நேரமாச்சு, நீ போகலியாக்கா?" என்று கேட்டாள்.

"போர்ட்டரு, டீக்கடைக்காரரு, எல்லாரும் போ போன்னுதான் சொன்னாங்க. கடைசி பஸ்ஸும் போயிருச்சு" என்றாள் பெரியம்மா. "அன்னிக்கி கேம்புல நீ வாரதுக்குள்ள நா போயிட்டேன். இன்னிக்கி நீ வாராம இந்த எடத்த விட்டு எந்திரிக்கிறதில்லன்னு ஒக்காந்துட்டேன். நாளைக்கி வந்தாலும் இங்கதான் இருந்திருப்பேன்."

இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ரயிலைப் பார்த்தேன், முடியாத நிலத்தைப் பார்த்தேன், மறுநாள் காலையில் மேகத்துக்கு மேலே ஏறும் மலை ரோட்டையும் பார்த்தேன். அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்கு முன்னால் அதெல்லாம் என்ன பெரிது!

ராமேஸ்வரம், பழனி, மதுரை எதுவும் நடக்கவில்லை. விடுமுறை முழுக்க, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றான பெரியம்மாவின் லயத்து வீட்டில்தான். அப்பா ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அடுப்பில் கைகாட்டிக் குளிர்காய்ந்தபடி, அக்காளும் தங்கையும் ஒரே போர்வைக்குள் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் அம்மா தேயிலை நிரைக்குள் இறங்கி, இரண்டு கையாலும் கொழுந்து எடுத்தாள். நானும் தம்பியும் திகைத்துப் போனோம். கை அப்படிப் பறந்தது. எங்களுக்குத் தெரிந்த அம்மா அல்ல அவள்.

அதற்குப்பின் அவர்கள் சந்தித்துக்கொள்ளவில்லை. ஒரு மழைக்காலத்தில் பெரியம்மா போன செய்தி வந்தபோது புயலால் கப்பல் இல்லை. அம்மா அன்று கடற்கரைக்குப் போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தாள். இப்போது அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. பெரியம்மாவின் பிள்ளைகள் திருப்பூரில் எங்கோ இருப்பதாகக் கேள்வி. அந்த லயம் இடிந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள்.

சிரித்து ஓய்ந்ததும் மகள் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். ரயில் நேரம், பெட்டி, இருக்கை, கார் நிற்கும் இடம், தங்கும் ஓட்டல், எல்லாம் வரிசையாக இருந்தது. ஒரு குறை சொல்ல முடியாது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை படித்துவிட்டுக் கேட்டேன்.

"கோயம்புத்தூர் ஸ்டேஷனுக்கு யாரு வருவாங்க?"

அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். "யாரும்மா வரணும்?"