மலையேறாத வருஷம்

அம்மா மஞ்சள் சேலையை அலசி, ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்த கம்பில் காயப்போட்டதைப் பார்த்ததும் அவசரமாக அவரிடம் போனேன். அந்தச் சேலை வருஷத்தில் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் அலமாரியைவிட்டு வெளியே வரும். தைப்பூசத்தன்று பால்குடம் எடுப்பதற்கு.

"எதுக்கும்மா இதை எடுத்தீங்க?"

"என்னா கேள்வி இது? இந்த வருஷத்தோட வேண்டுதல் முடியுதுல்ல."

"வேண்டின மூணு வருஷமும் போன வருஷமே முடிஞ்சிருச்சேம்மா."

அம்மா வாயில் கவ்வியிருந்த துணிக் கிளிப்பை எடுத்தார். "நோய் வந்து ஊரே அடைச்சிக் கிடந்திச்சே, அதையும் சேர்த்துட்டியா? அந்த வருஷம் வீட்டுச் சாமி மேடையிலதானே பாலை ஊத்தினேன். மலை ஏறாதது எப்படிக் கணக்குல வரும்?"

நான் சேர்த்துவிட்டிருந்தேன். சேர்த்து, வேண்டுதல் முடிந்தது என்று நம்பி, முந்தின வாரம்தான் வேலையை விடுவதாக ஆபீசில் நோட்டீஸ் எழுதிக் கொடுத்திருந்தேன். அந்த வேலைக்காகத்தான் அம்மா வேண்டிக்கொண்டதே.

அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அப்பா பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை; நான் சிறுமியாக இருந்தபோதே போய்ச்சேர்ந்துவிட்டார். எங்கள் வீட்டில் படித்துப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதைச் சொல்லும்போது என் தலை கொஞ்சம் நிமிரும். நிமிரட்டும்.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு பேக்டரியில் அம்மா பல வருஷம் லைனில் உட்கார்ந்து மைக்ராஸ்கோப் பார்த்தார். கண் மங்கிய பிறகுதான் எழுந்தார். அவருக்கு விடியுமுன் பேக்டரி பஸ், நீலக் கோட்டு. அதே வட்டாரத்தில் வேறொரு பேக்டரியில் எனக்கு இன்ஜினியர் வேலை கிடைத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி சம்பளம் இல்லை. "கோட்டு என்னா நிறம்?" வெள்ளை என்றேன். அம்மா அழுதுவிட்டார். நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பது அந்த லைனில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். நான் வேலைக்கு ஓட்டிப்போகும் காடியின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த பேக்டரி பார்க்கிங் ஸ்டிக்கரை எங்கள் ஆயர் ஈத்தாம் பிளாட்டில் பார்க்காத ஆள் இல்லை. அம்மா கூட்டிக்கொண்டு வந்து காட்டுவார்.

வேலை மோசமில்லை. அதனால்தான் விடுவது கஷ்டமாக இருந்தது. இயந்திரம் நின்றால் நான் போய் ஓடவைக்க வேண்டும். ஓடவைப்பேன். அதிலிருந்து வெளியே வரும் நகத்தளவு மின்னணுச் சில்லு எங்கே போகிறது, யார் கையில் சேர்கிறது என்பது எனக்குத் தெரியாது. தெரியாமலே இருந்திருப்பேன், எதிர்வீட்டு அங்கிளுக்குச் சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுக்காமல் இருந்திருந்தால்.

யாரோ தானமாகக் கொடுத்த சக்கர நாற்காலி அவருக்கு வந்தது. நல்ல நாற்காலிதான். ஆனால் எங்கள் பிளாட்டு வீடுகளின் கழிவறைக் கதவு அதைவிடக் குறுகல். ஆன்ட்டி அவரைக் கைத்தாங்கலாக இழுத்துக்கொண்டு போவார். கதவு திறந்தே இருக்கும். அந்தப் பக்கம் போகும்போது நாங்கள் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வோம்.

ஒரு சனிக்கிழமை நாற்காலியைக் காடியில் போட்டுக்கொண்டு டத்தோ கிராமாட்டில் ஒரு சந்துக்குள் இருந்த பட்டறைக்குப் போனேன். ஆஸ்பத்திரிக் கட்டில், சக்கர நாற்காலி எல்லாம் பழுது பார்க்கும் இடம். சீன முதலாளி ஒருவர், தவுக்கே என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம், தனியாக நடத்திவந்தார். அவருடைய கருவிகளை இரவல் வாங்கி, குறுக்குக் குழாய்களை அறுத்துச் சுருக்கி, சக்கரங்களை உள்ளே தள்ளிப் பொருத்தி, இருக்கைத் துணியை மாற்றித் தைக்கவைத்துக் கொண்டுவந்தேன். அங்கிள் அதில் ஏறி உட்கார்ந்து, தானே உருட்டிக்கொண்டு கழிவறைக்குள் போனார். பிறகு கதவைச் சாத்தினார். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. சனிக்கிழமை தவறாமல் பட்டறைக்குப் போனேன். ஒரு நாள் தவுக்கே மலாய் மொழியில், முகத்தைப் பார்க்காமலே, "முழு நேரமா வர்றியா, இல்ல வேற ஆள் தேடவா?" என்று கேட்டார். பேக்டரி சம்பளத்தில் பாதிகூட வராது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வீட்டுச் செலவைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் சம்பாதிக்கிற ஆள் நான் ஒருத்திதான்.

அந்தப் பயம் வேறு, மஞ்சள் சேலையைப் பார்த்தபோது வந்த பயம் வேறு. சாமிக்குப் பயப்படுகிற ஆள் என்று என்னை நான் நினைத்துக்கொண்டதில்லை. ஆனால், கொடுத்ததற்கு நன்றி சொல்ல அம்மா மலை ஏறப்போகிறார், கொடுத்ததை நான் ஏற்கெனவே தூக்கிப் போட்டுவிட்டேன். இதை நினைக்கும்போதெல்லாம் படியில் அம்மா வழுக்கி விழுவதுபோலவே தோன்றிக்கொண்டிருந்தது.

மறைக்க முடியவில்லை. அம்மா விரதம் தொடங்கிய அன்று, சமையல்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். வேலையை விட்டது, பட்டறை, தவுக்கே, எல்லாவற்றையும்.

அம்மாவின் கை கீரையில் அப்படியே நின்றது. பிறகு முற்றின தண்டு ஒன்றைக் கிள்ளி எறிந்தார்.

"நான் விரதத்துல இருக்கேன்," என்றார். "இப்ப வாயைத் திறந்தா என்னென்னமோ வரும். தைப்பூசம் முடியட்டும்."

விரதம் இருப்பவர் கோபப்படக் கூடாது, கடுஞ்சொல் பேசக் கூடாது. அம்மா அதில் கறார். திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்; நானும் லேசுப்பட்டவள் இல்லை. ஆனால் அம்மா திட்டவில்லை. காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு, "சாப்பிடு" என்பார். மாலையில், "வந்துட்டியா" என்பார். சொல்லாத அத்தனையும் அவருக்குள் ஒவ்வொரு நாளும் சேர்ந்துகொண்டே போனது எனக்குத் தெரிந்தது. தைப்பூசம் வரவேண்டாம் என்று இருந்தது.

எதிர்வீட்டு ஆன்ட்டிக்கு விரதம் எதுவும் இல்லை. விஷயம் காதில் விழுந்ததும் வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, சாமி கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்க இது என்னா, பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில வாங்கின சட்டையா? அளவு சரியில்லன்னு மாத்திக்கிறியா?"

"ஆன்ட்டி, விடுங்கலா."

"எப்படி விடறது? உங்கம்மா செருப்பு இல்லாம அத்தனை படி ஏறுறாங்க, நீ இங்க வெள்ளைக் கோட்டைக் கழட்டிட்டு எண்ணெய்ச் சட்டை மாட்டிக்கப் போறேன்ற. முருகன் சும்மா இருப்பாரா?"

எதிர்வீட்டுக்குள்ளிருந்து அங்கிளின் குரல் வந்தது. "ஏய், அவளை ஒண்ணும் சொல்லாதே. நான் கக்கூஸ் கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்றேன்னா அவளாலதான்."

"நீங்க சும்மா இருங்க! உள்ள போனா ஒரு மணி நேரம் வெளிய வர்றதில்ல. அதுக்கும் இவதான் காரணம்!"

நான் சிரித்துவிட்டேன். அம்மாவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. விளக்குத் திரியை உருட்டிக்கொண்டிருந்தார்.

தைப்பூசத்தன்று விடியலில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்தோம். அம்மா தலையில் குடம். வாயை மஞ்சள் துணியால் கட்டியிருந்தார். முந்தின நாள் தேர் போன சாலை. தேருக்கு உடைத்த தேங்காய்களைக் கூட்டி அள்ளியிருந்தாலும் ஓட்டுச் சில்லுகள் தாரில் அங்கங்கே கிடந்தன. அம்மாவின் வெறுங்காலில் அவை குத்தாமல் இருக்க, நான் முன்னால் நடந்து காலால் ஒதுக்கிக்கொண்டே போனேன். பந்தல்களில் பாட்டு காதைக் கிழித்தது. இந்தக் குடம் எதற்காகப் போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. பழைய வேண்டுதலுக்கா? இல்லை, என் புத்தியை மாற்றச் சொல்லியா? கேட்கத் தைரியமில்லை.

பாதிப் படியில் அம்மா நின்றுவிட்டார். முட்டி மடங்க மறுத்தது. பின்னால் உறுமி மேளத்தோடு ஒரு காவடி ஏறி வந்துகொண்டிருந்தது. கூட்டம் எங்களை நெருக்கியது. அம்மா லேசாகச் சாய்ந்தார், குடம் சாய்ந்தது. இதுதான், இதுதான் நடக்கப்போகிறது என்று எனக்குள் ஏதோ கத்தியது. இரண்டு கையையும் நீட்டினேன்.

"கொடுங்கம்மா, நான் தூக்கறேன்."

அம்மா வாய்த் துணிக்குள்ளிருந்தே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "தொடாதே. கேன்டீன்ல மீன் சாப்பிட்டவ."

நீட்டிய கைகளை இழுத்துக்கொண்டேன். வீட்டில் நான் கீரையும் பருப்பும்தான் சாப்பிட்டேன். நோட்டீஸ் முடியும்வரை போய்வந்த பேக்டரியின் கேன்டீனில் சாப்பிட்டது இவருக்கு எப்படித் தெரியும்? வேறு என்னவெல்லாம் தெரியும்? அம்மா கைப்பிடிக் கம்பியை ஒரு கையால் பிடித்து, மறு கையால் குடத்தை நிமிர்த்தி, வலது காலை வைத்து, இடது காலை இழுத்து, ஒவ்வொரு படியாக ஏறினார். நான் பின்னால், விழுந்தால் தாங்குவதற்குக் கைகளை விரித்துக்கொண்டு, தொடாமல் ஏறினேன்.

மேலே குருக்கள் பாலை வாங்கி முருகனுக்கு ஊற்றினார்கள். அம்மா வாய்த் துணியை அவிழ்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. பிறகு வெளியே வந்து, சுவரில் சாய்ந்து, திருநீறு பூசிக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கழுதை," என்றார்.

தொடங்கிவிட்டது.

"எழுதிக் கொடுக்கிறதுக்கு முந்தி பெத்தவகிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்னு தோணலை? படிச்சிட்டா? நான் கண்ணு போற வரைக்கும் அந்த மைக்ராஸ்கோப்ல உட்கார்ந்தது நீ கண்டவன் பட்டறையில குழாய் அறுக்கவா?"

நான் தலையைக் குனியவில்லை. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா நிறுத்தவில்லை. கடைசியில் மூச்சு வாங்கியதும் குரல் இறங்கியது.

"சாமிகிட்ட இப்படிச் சொல்லிட்டேன், முருகா, நான் கேட்டது ஒரு வேலை. நீ கொடுத்தே, நான் ஏறி முடிச்சிட்டேன். அதோட சரி. இவ இப்ப புதுசா ஒண்ணு பிடிச்சிருக்கா. அதுக்கு நான் ஒண்ணும் கேட்கலை. அது அவ பாடு, உன் பாடுன்னு."

மன்னிப்பு என்று நினைத்தேன். அடுத்த நிமிஷமே வேறொன்று உறைத்தது. பள்ளிக்கூடம், பரீட்சை, இன்டர்வியூ என்று இதுவரை எனக்கு நடந்த எல்லாவற்றுக்கும் முன்னால் அம்மா யாரிடமாவது எதையாவது வேண்டிக்கொண்டிருந்தார். இதற்கு மட்டும் யாரும் வேண்டிக்கொள்ளவில்லை.

"அம்மா, பட்டறை ஓடலைன்னா?"

"என்னைக் கேட்டா?"

"எனக்குப் பயமா இருக்கும்மா."

"இருக்கட்டும். பயமா இருந்தா அடுத்த வருஷம் நீ தூக்கு. ஒழுங்கா விரதம் இருந்து தூக்கு. என் முட்டி இதோட முடிஞ்சிச்சி."

காலிக் குடத்தை என் கையில் கொடுத்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கினார். இறங்கும் வழியெல்லாம் திட்டினார். கீழே பந்தலில் மோர் வாங்கிக் குடிப்பதற்கு மட்டும் நிறுத்தினார். எனக்கும் ஒரு கோப்பை வாங்கி நீட்டினார்.

கோப்பையை வாங்க ஒரு கை வேண்டும். குடத்தில் ஒரு துளிகூடப் பால் இல்லை. வேறு யாராக இருந்தாலும் கீழே வைத்திருப்பார்கள். எனக்கு வைக்கத் தோன்றவில்லை. வைக்கலாமா என்று அம்மாவைக் கேட்கவும் பயமாக இருந்தது. அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மறு கையால் மோரை வாங்கிக் குடித்தேன்.