குழாயை எடுத்து மாட்டாத காலை

ஒன்பது குளிர்காலமாக மார்லிஸ் அரிசோனாவின் அந்த வெந்நீர் ஊற்றுக்கு வந்துகொண்டிருந்தாள். வடக்கு டகோட்டாவில் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். புருஷன் போன பிறகு வீட்டை விற்றுவிட்டு, படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கிற வீட்டுவண்டி ஒன்றை வாங்கினாள். நவம்பரில் பனி கொட்ட ஆரம்பித்ததும் தனியாக ஓட்டிக்கொண்டு தெற்கே இறங்கிவிடுவாள். அதிகம் பேசமாட்டாள். அங்கே முகாம் போட்டிருப்பவர்களில் யாருக்காவது காய்ச்சல் என்றால் அவர் வண்டிப் படியில் ஒரு பாத்திரம் சூப் இருக்கும். வைத்தது யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஊற்றில் ஒரு சிமெண்டுத் தொட்டி. மேலே பாறையிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வழியாகத் தண்ணீர் வரும். முட்டையைப் போட்டால் வெந்துவிடும், அவ்வளவு சூடு. குளிக்கிறவர்கள் கொஞ்ச நேரம் குழாயைத் தொட்டிக்குள் விடுவார்கள், பதமானதும் வெளியே எடுத்துக் கம்பத்துக் கொக்கியில் மாட்டிவிடுவார்கள். கடைசியாகக் கிளம்புகிறவர் அதை மாட்டாமல் போகக்கூடாது. அங்கே எழுதிப் போடாத சட்டம் அது ஒன்றுதான். புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பதே மார்லிஸ்தான்.

அன்று செவ்வாய்க்கிழமை. விடிந்தும் விடியாமல் தொட்டி முழுக்க அவளுக்கே கிடைத்தது. குழாயை உள்ளேயே விட்டுக்கொண்டு, கழுத்து வரை அமிழ்ந்து கண்ணை மூடிக் கிடந்தாள். கீழே கேஸ் லாரியின் ஹாரன் கேட்டது. வாரத்துக்கு ஒருமுறை வருகிற லாரி, விட்டால் ஏழு நாள் குளிரில் நடுங்க வேண்டியதுதான். துண்டைச் சுற்றிக்கொண்டு அரை இருட்டில் ஓடினாள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து வெர்னா தொட்டிக்குப் போனாள். ஆரிகனிலிருந்து வருகிறவள், மார்லிஸைவிட நாலு வயது மூத்தவள், பக்கத்து வண்டி. சர்க்கரை வியாதியில் அவளுக்குப் பாதம் மரத்துப்போய் ரொம்ப நாளாகிறது. தொட்டி விளிம்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் உள்ளே விட்டாள். சூடு முழங்காலுக்கு ஏறின பிறகுதான் அலறினாள். பாதத்துத் தோல் உரிந்திருந்தது.

அவளை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு எல்லாரும் கூடி நின்றார்கள். குழாய் தொட்டிக்குள்ளேயே கிடந்தது. காலையில் துண்டோடு மேலேயிருந்து இறங்கி வந்ததாகப் பார்க்கப்பட்டவர் ஒரே ஒருவர்: முந்தாநாள் வந்த சாம்பல் நிற வேன்காரர், நியூ மெக்ஸிகோ நம்பர். போனேன், கை வைத்துப் பார்த்தேன், கொதித்தது, திரும்பி வந்துவிட்டேன் என்றார் அவர். குழாயை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார்கள். எடுக்கணும்னு யாரும் சொல்லலையே என்றார். யாரும் நம்பவில்லை.

மார்லிஸ் அந்தக் கூட்டத்தில்தான் நின்றாள். அவர் ‘கொதித்தது’ என்று சொன்ன அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாய் வரைக்கும் வந்தது. முகாமைப் பார்த்துக்கொள்கிற லைல், மத்தியானத்துக்குள் இடத்தைக் காலி பண்ணுங்கள் என்று மரியாதையாகத்தான் அந்த மனிதரிடம் சொன்னான். அவர் வாதாடவில்லை. வேன் முன்னால் விரித்திருந்த பாயை உதறிச் சுருட்டினார், நாற்காலியை மடக்கினார். ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து மார்லிஸ் எல்லாவற்றையும் பார்த்தாள். கதவைத் திறந்து இருபது அடி நடந்தால் போதும். மண்சாலையில் புழுதி அடங்குகிற வரைக்கும் அவள் கை கதவுப் பிடியிலேயே இருந்தது.

பிறகு தினமும் நாற்பது மைல் ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு சூப் கொண்டுபோனாள். ஐந்தாவது நாள் வெர்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கூடப் பிறந்தவகூட இப்படிப் பார்க்கமாட்டாடி.”

“குழாயை விட்டுட்டு வந்தது நான்தான்,” என்றாள் மார்லிஸ்.

வெர்னா கட்டுப் போட்ட தன் கால்களைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “அந்த ஆளு கிளம்புறதுக்கு முன்னாடியே உனக்குத் தெரியுமா, பின்னாடிதான் தெரிஞ்சுதா?”

“முன்னாடியே.”

வெர்னா கையை விட்டாள். “மறந்தது போகட்டும். நானே ரெண்டு தடவை மறந்திருக்கேன். அதுக்கு இல்லடி.” சூப் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். “போ. அங்க எல்லார் முன்னாலயும் சொல்லு. சொல்லாம இந்தப் பக்கம் வராத.”

சாயங்காலம் நாலு மணிக்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருவது அங்கே வழக்கம். மார்லிஸ் உட்காரவில்லை, நின்றபடியே சொன்னாள். மூன்று வாக்கியம்தான். யாரும் திட்டவில்லை. ஒருத்தி, யாருக்கும் நடக்கிறதுதானே என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். லைல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான்.

“அவர் போன் நம்பர் இருக்கா?” என்று மார்லிஸ் கேட்டாள்.

“வாங்கலையே,” என்றான் லைல். “அன்னிக்கு இருந்த கோபத்துல…”

“பேரு?”

பதினொரு நாற்காலியிலும் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மூன்று நாள் அவர்களோடு இருந்த மனிதர். போகச் சொல்லும்போதுகூட ‘நீங்க’ என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் மார்லிஸ் சூப் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். சொல்லிவிட்டாயா என்று வெர்னா கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றாள்.

“அந்த ஆளுகிட்ட?”

மார்லிஸ் இல்லை என்று தலையை ஆட்டினாள். வெர்னா கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். அவள் குடித்து முடிக்கிற வரைக்கும் மார்லிஸ் கட்டிலோரம் நின்றுகொண்டே இருந்தாள்.