சிவப்புப் பாத்தி

சீச்சியார் என்ற பெயரை அவருக்கு யாரும் கூடிப் பேசி வைக்கவில்லை. காலையில் நாற்றுப்பண்ணையின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்போதே அவர் வாயிலிருந்து விழும் முதல் சொல் அதுதான். குழாயடியில் பாசி, சீச்சீ. எருக்குவியலுக்குப் பக்கத்தில் யாரோ சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள், சீச்சீ. பதியன் போடும் பெண்கள் இதை விரல்விட்டு எண்ணிக்கூடப் பார்த்திருக்கிறார்கள். எட்டு மணிக்குள் பத்து வந்தால் சாதாரண நாள். பன்னிரண்டைத் தாண்டினால் முதலாளி வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

மனித குலத்திலேயே அவருக்கு அதிகம் குமட்டியது சிவப்புப் பூ கேட்டு வருகிறவர்களைப் பார்த்தால்தான்.

"அந்தச் சிவப்புப் பூச் செடி ஒண்ணு குடுங்க."

"எந்தச் சிவப்புப் பூ?"

"அதாங்க, சிவப்பா இருக்குமே."

சிவப்பா இருக்குமே! செம்பருத்தி சிவப்பு, வெட்சி சிவப்பு, மாதுளம்பூ சிவப்பு, முள்முருங்கை சிவப்பு, குல்மோகர் பூத்தால் தெருவே சிவப்பு. ஒன்று இடுப்பளவு செடி, இன்னொன்று மாடிக்கு மேல் போகும் மரம். இத்தனையையும் ஒரே சொல்லில் கட்டி மூட்டையாக்கிக் கொண்டுவருகிறவர்களுக்கு ஆண்டவன் கண்ணை எதற்குக் கொடுத்தான் என்று அவர் வாய்விட்டே கேட்டிருக்கிறார். கேட்டதால் இரண்டு வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். போனால் போகட்டும் என்றார்.

பூ இருந்தால் எவனும் சொல்லிவிடுவான். பூ இல்லாதபோது சொல்ல வேண்டும், அதுதான் வேலை. செம்பருத்தி இலையின் ஓரத்தில் பல் இருக்கும். வெட்சி இலை நேருக்கு நேர் ஜோடியாக, தோல் மாதிரி விறைப்பாக நிற்கும். முள்முருங்கைக்கு ஒரு காம்பில் மூன்று இலை, தண்டில் முள். இப்படி இலையை மட்டும் வைத்துச் செடியின் ஜாதகத்தையே சொல்லிவிடுவார் சீச்சியார். விரலால் தடவினாலே போதும், கண்கூடத் தேவையில்லை.

இந்த வித்தையை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முகத்தில் அடி வாங்கித்தான் கற்றார். இருபத்திரண்டு வயதில் வண்டி தள்ளும் வேலைக்கு வந்தவர், ஒரு நாள் ஆள் இல்லாத நேரத்தில் ஒருவருக்குக் குல்மோகர் கன்று எடுத்துக் கொடுத்தார். ஏழு வருடம் கழித்து அந்த மனிதர் ஒரு கிளையோடு திரும்பி வந்தார். கிளை முழுக்க ஊதாப்பூ. குல்மோகர் என்று ஜகரண்டாவைக் கொடுத்து அனுப்பியிருந்தார் நம் ஆள். கன்றில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோல் இருக்கும். குல்மோகர் இலைகள் மாற்றி மாற்றி வரும், ஜகரண்டாவில் எதிரும் புதிருமாக வரும், வித்தியாசம் அவ்வளவுதான். "ஏழு வருஷம் தண்ணி ஊத்தினேன்யா" என்று சொல்லி, அந்தக் கிளையை அவர் மூஞ்சியிலேயே வீசிவிட்டுப் போனார் வந்தவர். அன்றிலிருந்து பண்ணையில் பெயர் தெரியாத செடி ஒன்றுகூட இருக்க அவர் விட்டதில்லை. தகரத் துண்டுகளை வெட்டி, வெள்ளை அடித்து, கறுப்புச் சாயத்தில் தன் கையாலேயே பெயர் எழுதிப் பாத்திக்குப் பாத்தி நட்டு வைத்தார். எழுத்து அழகாக இருக்காது. ஆனால் முப்பத்தோரு வருடத்தில் ஒரு பெயர் தப்பியதில்லை.

அந்தப் பெருமைக்குத்தான் மூன்று மாதத்துக்கு முன்பு வேட்டு வைத்தார் முதலாளி.

முதலாளி என்றால் பழைய முதலாளியின் மகன். எங்கேயோ ஒரு கடையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். இனிமேல் பண்ணையில் பெயர் கிடையாது, நிறம்தான் என்றார். சிவப்புப் பூக்கிறதெல்லாம் ஒரே பாத்தி, மஞ்சள் பூக்கிறதெல்லாம் ஒரே பாத்தி. செடிப் பையில் அந்தந்த நிறத்தில் ஒரு நாடா.

"வர்றவங்களுக்குப் பேரா தெரியுது? கலர்தான் தெரியுது. கேக்கறத குடுப்போம், பெரியவரே."

"எல்லாத்தையும் ஒண்ணா வெச்சா எது எதுன்னு எப்படிங்க தெரியும்?"

"எதுக்குத் தெரியணும்? சிவப்புன்னா சிவப்பு. நீங்க ஒண்ணும் பிரிக்க வேணாம், சொன்னத செய்யுங்க."

தகரத் துண்டுகளைப் பிடுங்கி, கோழிக்கூட்டு ஓட்டையை அடைக்க எடுத்துப் போனார்கள். சீச்சியார் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு எத்தனை சீச்சீ என்று பெண்கள் எண்ணவில்லை, எண்ண முடியாத அளவுக்கு வந்தது.

அப்புறம் அவர் செய்ததைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையைச் சொல்வதில் நியாயமில்லை. சொன்னதைச் செய்தார், சொன்னதுக்கு மேலேயே செய்தார். பாட்டில் பிரஷ் கன்றுகள் ஒரு பக்கம் இருந்தன. நீட்டு நீட்டான ஒல்லி இலை, வளர்ந்தபின் புட்டி கழுவும் பிரஷ் மாதிரி சிவப்பாகப் பூ தொங்கும், குழந்தை தொட்டாலும் ஒன்றும் ஆகாத சாது. இன்னொரு பக்கம் செவ்வரளிப் பதியன்கள். அதற்கும் நீட்டு நீட்டான இலைதான். ஆனால் இலை முதல் வேர் வரைக்கும் விஷம். அவர் நினைத்திருந்தால் இரண்டையும் பாத்தியின் இரண்டு முனைகளில் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. வேண்டுமென்றே ஒன்றுவிட்டு ஒன்றாகக் கலந்து அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சிவப்பு நாடாவைக் கட்டினார். சிவப்புத்தானே கேட்டாய், இந்தா சிவப்பு. எக்கேடோ கெட்டுப் போங்கள். கட்டும்போது மனசுக்குள் குளுகுளுவென்று இருந்தது என்பதும் உண்மை.

மூன்று மாதத்தில் அந்த எரிச்சல் ஆறிப்போனது. பாத்தியை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்.

நேற்று முன்தினம் காலையில் வேறு வேலையாக வெளியே போய்விட்டுப் பத்து மணிக்கு வந்து பார்த்தால், சிவப்புப் பாத்தியில் அவர் கலந்து அடுக்கிய பக்கம் முழுக்கக் காலி. ஈர மண்ணில் பைகள் இருந்த வட்டம் மட்டும் தெரிந்தது.

"இங்க இருந்ததெல்லாம் எங்க?" என்று வண்டிக்காரரைக் கேட்டார்.

"எட்டு மணிக்கே ஏத்திட்டுப் போய் இறக்கிட்டேனே அண்ணே. அறுவது செடி. நம்ம அண்ணி ஆயா வேலை பாக்கறாங்களே, அந்தக் குழந்தைங்க காப்பகம்தான். வேலி ஓரமா வரிசையா சிவப்புப் பூ வேணும்னாங்களாம். பிள்ளைங்க கையாலேயே நட வைக்கறாங்க, பாக்க நல்லாருந்துச்சு."

இரண்டு வயதும் மூன்று வயதுமாக இருபத்திரண்டு குழந்தைகள். கையில் கிடைத்தது எதுவாக இருந்தாலும் வாய்க்குப் போகிற வயது. அங்கே ஆயாவாக இருக்கும் அவருடைய மனைவிக்கும் அரளி இலை தெரியாது. முப்பது வருடம் குடித்தனம் நடத்தியும் ஒரு இலையை அவளுக்குக் காட்டித் தந்தவர் இல்லை.

முதலாளிக்குப் போன் போட்டார்.

"அதுல அரளி கலந்திருக்குங்க. உடனே அங்க சொல்லுங்க, தொடக் கூடாதுன்னு."

"அரளியா? பூ சிவப்பாத்தானே வரும்?"

"விஷங்க அது!"

"அட, ரோட்டு நடுவுல எல்லாம் வெச்சிருக்காங்க, யாரு செத்தா? வித்தத திருப்பி வாங்கினா கடை பேரு கெட்டுடும். சும்மா இருங்க."

சீச்சீ என்று சொல்லக்கூட அவருக்கு நேரமில்லை. வண்டிக்காரரைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினார்.

காப்பகத்தின் பின்புறம் வேலி ஓரமாகக் குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் கரண்டி, முழங்கை வரைக்கும் சேறு. ஒரு பொடிசு நாடாவைப் பிய்த்துக்கொண்டிருந்தது. இன்னொன்று செடிக்குத் தலை சீவிவிடுவதுபோல் இலையை இரண்டு கையாலும் உருவிக்கொண்டிருந்தது.

"எல்லாரையும் உள்ள தூக்கிட்டுப் போங்க! கையக் கழுவுங்க! வாய்ல வைக்க விடாதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினார். அவருடைய மனைவி வாளியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு குழந்தைகளை இரண்டு கக்கத்திலும் அள்ளிக்கொண்டு ஓடினாள். காப்பகத் தலைவி ஒன்றும் புரியாமல் நின்றார்.

சீச்சியார் சேற்றில் மண்டியிட்டு ஒவ்வொரு செடியாகப் பார்த்தார். கணுவுக்கு மூன்று மூன்றாக இலை, நடுவில் தடித்து வெளுத்த நரம்பு, அரளி, பிடுங்கு. இலை மாற்றி மாற்றி, கசக்கினால் எலுமிச்சை வாசனை, பாட்டில் பிரஷ், இருக்கட்டும். அறுபதில் முப்பது அரளி. முப்பதாவதைப் பிடுங்கும்போது அதன் மேல் இலை ஒன்று பாதிதான் இருந்தது. இருந்த பாதியின் ஓரத்தில் பல் தடம். சின்னச் சின்னதாக நாலு பல்.

அந்த இலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

எந்தக் குழந்தை கடித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்டால் எல்லாமே தலையாட்டின. டாக்டர் வந்தார். பெற்றவர்கள் ஒவ்வொருவராக வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். இருபத்திரண்டு வாயையும் சீச்சியாரின் மனைவி ஈரத்துணியால் துடைத்தாள். ஒரு வாயின் ஓரத்தில் பச்சை நார் ஒட்டியிருந்தது. சுருட்டை முடிப் பொண்ணு. கசந்ததால் துப்பிவிட்டிருக்க வேண்டும், துப்பினது அவளுடைய சட்டையிலேயே கிடந்தது. டாக்டர் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், இதயத் துடிப்பைப் பார்க்க மார்பில் வயர்களை ஒட்டி, இரண்டு ராத்திரி வைத்திருந்தார்.

அந்த இரண்டு ராத்திரியும் சீச்சியார் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அவர்மேலேயே குமட்டிக்கொண்டு வந்தது. தன் விரல்களைப் பார்த்தால் நாடா கட்டின விரல்கள் என்றுதான் தோன்றியது. முதலாளியைத் திட்டிப் பார்த்தார், அது அரை நிமிடம் ஓடி நின்றுபோனது. முதலாளிக்கு அரளிக்கும் அவரைக்கும் வித்தியாசம் தெரியாது. தெரிந்தவர் ஒருவர்தான் பண்ணையில் இருந்தார்.

இன்று காலை குழந்தையை விட்டுவிட்டார்கள். ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறாள் என்றார் டாக்டர். தாய் குழந்தையோடு நேராகக் காப்பகத்துக்கு வந்தாள். அங்கே மற்ற பெற்றவர்களும் கூடியிருந்தார்கள். சீச்சியாரையும் வரச்சொல்லியிருந்தார் தலைவி. எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. உள்ளே நுழைந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

"இவர்தான். இவர் மட்டும் அன்னிக்கு ஓடி வரலைன்னா என்ன ஆயிருக்கும்னு நினைச்சே பாக்க முடியல" என்றார் தலைவி.

ஒருவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இன்னொருவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். சுருட்டை முடிப் பொண்ணின் தாய் அழுதாள். இடுப்பிலிருந்த குழந்தையை அவர் பக்கம் சாய்த்தாள்.

"தாத்தாக்கு தேங்க்ஸ் சொல்லு கண்ணு. தாத்தாதான் உன்னக் காப்பாத்தினாரு."

குழந்தை சிரித்தது. மேலே இரண்டு, கீழே இரண்டு, முன்பல் நாலும் தெரிந்தன. சீச்சியாரின் கை தானாகப் போய் அதன் கன்னத்தைத் தொட்டது. தொட்டதும் அவருக்குத் தாங்கவில்லை.

"நான் காப்பாத்தலம்மா. கலந்தது நான்தான்."

"தெரியாம நடந்ததுக்கு நீங்க என்னங்க பண்ணுவீங்க?" என்றார் தலைவி அவசரமாக.

"தெரிஞ்சுதான் கலந்தேன். அரளின்னு தெரிஞ்சு, ஒண்ணுவிட்டு ஒண்ணா நானே அடுக்கினேன். முதலாளி மேல இருந்த கோவம். யாருக்குப் போகும்னு யோசிக்கல. யாருக்கு வேணாலும் போகட்டும்னுதான் நினைச்சேன்."

முதுகில் தட்டினவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். தோளில் துணியும் காலடியில் வாளியுமாகச் சுவரோரம் நின்றிருந்த சீச்சியாரின் மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

தாய் அழுகையை நிறுத்திவிட்டாள். குழந்தையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஆயா, அந்தத் துணியக் கொஞ்சம் நனைச்சுக் குடுங்க" என்றாள்.

அவருடைய மனைவி துணியை வாளியில் முக்கி, நன்றாகப் பிழிந்து, உதறி நீட்டினாள். தாய் அதை வாங்கி, அவர் தொட்ட கன்னத்தை அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.