நான் வண்ணம் ஏற்றிய படம்

ஆலங்குடிக்குக் கிழக்கே ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். எங்கள் பிள்ளைகள் தென்னந்தோப்பும் முந்திரிக்காடும் பார்த்து வளர்ந்தவர்கள். நம் மாவட்டத்துக்குக் கடற்கரை உண்டு என்று வகுப்பில் சொன்னால், பரீட்சைக்குப் படிக்க வேண்டிய ஒரு வரியாகத்தான் அதை எடுத்துக்கொள்வார்கள். போன ஆண்டு பள்ளிக் கண்காட்சிக்கு என்ன செய்யலாம் என்று தலைமையாசிரியை கேட்டபோது, மீமிசல் பக்கத்துக் கரையில் பல ஆண்டுகளுக்கு முன்பு அடித்த புயலைப் பற்றிப் படங்கள் வைக்கலாம் என்றேன்.

படங்களுக்கு இணையத்தில் தேடினேன். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதிப் பார்த்து, கடைசியில் வெளிநாட்டு ஆவணக் காப்பகம் ஒன்றின் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். நிவாரண வேலைக்கு வந்த யாரோ எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். கவிழ்ந்து கிடக்கும் வள்ளங்கள், கூரை போன சுவர்கள், மணலில் இறக்கி வைத்த அரிசி மூட்டைகள். கல்விக்காக யாரும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று கீழே போட்டிருந்தது. அதைப் படித்ததும் நிம்மதியாகிவிட்டது. அதற்கு மேல் யாரையும் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவற்றில் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி மணலில் தனியாக நிற்கிறாள். எண்ணெய் காணாத தலை, தோளில் கிழிந்த கவுன். இரண்டு கையிலும் ஒரு வெறும் அலுமினியத் தட்டைப் பிடித்துக்கொண்டு நேராகக் கேமராவைப் பார்க்கிறாள். அவளுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி ஒரு பெண் ஓடி வருகிறாள், முகம் தெளிவில்லை. ‘நிவாரண முகாமில் ஒரு குழந்தை’ என்று காப்பகத்தில் எழுதியிருந்தார்கள். வேறு விவரம் இல்லை.

கறுப்பு வெள்ளையாக இருந்தால் பிள்ளைகள் நின்று பார்க்க மாட்டார்கள் என்று நினைத்து, போனில் ஒரு செயலியைப் போட்டு அதற்கு வண்ணம் ஏற்றினேன். அது கவுனுக்குச் சாம்பல் நிறம் கொடுத்தது. நான் அதை ரோஸ் ஆக்கினேன். கீழே, ‘ஒரு வாய்க் கஞ்சிக்காகக் காத்திருக்கும் சிறுமி, அணைத்துக்கொள்ள ஓடி வரும் தாய்’ என்று எழுதினேன். புதுக்கோட்டையில் ஃப்ளெக்ஸ் அடித்தபோது எல்லாப் படங்களையும்விட அதைத்தான் பெரிதாகப் போடச் சொன்னேன்.

கண்காட்சியில் அந்தப் படத்துக்கு முன்னால்தான் கூட்டம் நின்றது. பார்க்க வந்த தாய்மார்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எட்டாம் வகுப்புப் பையன்கள் சிலர் டிபன்பாக்ஸ் மூடியைக் கையில் ஏந்தி அந்தச் சிறுமி மாதிரியே நின்று சிரித்தார்கள். ஒரு அதட்டல் போட்டுவிட்டு விட்டுவிட்டேன். தலைமையாசிரியை படத்தைப் போனில் எடுத்து ஆசிரியர் குழுக்களில் போட்டார். பாராட்டுகள் வந்தன. எனக்குப் பெருமையாக இருந்தது.

எங்கள் கணக்கு டீச்சர் மட்டும் அந்த அறைப் பக்கமே வரவில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இருவரும் புதுக்கோட்டையிலிருந்து ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள். முதலில் ஏறுகிறவர் பக்கத்து சீட்டில் பையை வைத்து மற்றவருக்கு இடம் போட்டு வைப்பார். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, அளந்த பேச்சு. அவருக்குச் சொந்த ஊரே புதுக்கோட்டைதான் என்று நினைத்திருந்தேன். இரண்டாம் நாள் மதியம் நானே போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

“எல்லாரும் பாத்துட்டாங்க. நீங்க மட்டும் வரலையே டீச்சர். வாங்க.”

வந்தார். அந்தப் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். “நல்லா வந்திருக்கு,” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

அன்று மாலை பஸ் ஆலங்குடியைத் தாண்டியது. அவர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்:

“அந்தக் கவுனு ரோஸ் இல்ல டீச்சர். பச்சை. எங்க அப்பா அறந்தாங்கியில எடுத்துட்டு வந்தது.”

எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. அந்த முகத்தை எத்தனையோ முறை பெரிதாக்கிப் பார்த்தவள் நான். அதே முகத்துக்குப் பக்கத்தில் தினமும் உட்கார்ந்து வந்திருக்கிறேன்.

“எனக்குத் தெரியாதுங்க டீச்சர்,” என்றேன்.

“யாரையும் கேக்கலையே. எப்படித் தெரியும்?”

அவர் குரலில் கோபம் இல்லை. தப்பாகக் கணக்குப் போட்ட பிள்ளையிடம் கேட்பதுபோலத்தான் கேட்டார். மீதியையும் அதே குரலில் சொன்னார்.

“அன்னைக்கு எனக்குப் பசியே இல்ல. மாமா வீட்டுல இருந்து காலையிலயே சோறு வந்திருச்சு. கேமரா வச்சிருந்தவரு மிட்டாய் குடுத்தாரு. கீழ கெடந்த தட்டை எடுத்து என் கையில குடுத்து, அங்கிட்டுப் போயி நில்லுன்னு கையைக் காட்டுனாரு. போட்டோன்னா ஆசை எனக்கு. நின்னேன்.”

“பின்னாடி வர்றது...”

“எங்க அம்மா. கட்டிப்பிடிக்க வரல. தட்டைப் பிடுங்கி எறிஞ்சிட்டு முதுகுல ரெண்டு போட்டாங்க. அப்புறம் அவங்களே உக்காந்து அழுதாங்க. அரிசி வாங்கலன்னு சொல்லல டீச்சர். எல்லாரும் வாங்குனாங்க, நாங்களும் வாங்குனோம். கையேந்தி நிக்கல. அதைத்தான் அவங்க சாகுற வரைக்கும் சொல்லிட்டிருந்தாங்க.”

நான் எழுதி வைத்த வரி நினைவுக்கு வந்தது. மிட்டாய் கொடுத்து அவரை நிற்க வைத்தவராவது அவரிடம் ஒரு வார்த்தை பேசியிருந்தார். நான் அதுகூடச் செய்யவில்லை. மறுபடியும் எல்லார் முன்னாலும் நிற்க வைத்ததும் போதாது என்று, அவரையே கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டவும் செய்தேன்.

“நாளைக்கே எடுத்திடுறேன்.”

“எடுங்க. ஏன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லிடாதீங்க.”

மறுநாள் முதல் மணி அடிக்கும் முன்பே கழற்றிவிட்டேன். தலைமையாசிரியை கேட்டார். காப்பிரைட் பிரச்சினை என்றேன்.

“யாரு வேணாலும் எடுத்துக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க?”

“சரியாப் படிக்காம சொல்லிட்டேங்க மேடம்.”

அந்த ஃப்ளெக்ஸை என்ன செய்வதென்று தெரியவில்லை. வெளியே போட்டால் யாராவது எடுத்துப் போய் வைக்கோல் போருக்கோ மாட்டுக் கொட்டகைக்கோ கட்டிவிடுவார்கள். மறுபடியும் ஊர் நடுவே அவர் தட்டோடு நிற்பார். கணக்கு டீச்சரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். “எனக்கு எதுக்குங்க?” என்றார். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கத்தரிக்கோலால் நறுக்கினேன். முகம் இருந்த துண்டை மட்டும் வெட்ட முடியாமல், மடித்துத் துணி அலமாரியில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதற்கு எனக்கு என்ன உரிமை என்று அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் தோன்றுகிறது.

காப்பகத்துக்கும் எழுதினேன். அவர் பெயரைச் சொல்லாமல், தட்டு யாரோ கையில் கொடுத்தது, அந்தப் பெண் இதை விரும்பவில்லை என்று மட்டும் எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது: படத்தில் இருப்பவரே எழுதினால் பரிசீலிப்பார்கள். அதை அவரிடம் காட்டினேன்.

“அந்தப் புள்ள நான்தான்னு எழுதிக் குடுத்தாத்தான் எடுப்பாங்களா?”

“ஆமாங்க டீச்சர்.”

சிரித்தார். “அப்ப அது அங்கயே கெடக்கட்டும்.”

அதற்குப் பிறகும் பஸ்ஸில் எனக்கு இடம் போட்டு வைத்தார். பிள்ளைகளைப் பற்றி, விலைவாசியைப் பற்றிப் பேசினோம். படத்தைப் பற்றிப் பேசவில்லை. அது அப்படியே அடங்கிவிட்டது என்று நானும் நம்பத் தொடங்கியிருந்தேன்.

சில மாதம் கழித்து ஒரு நாள், ஆசிரியர் அறையில் என்னைக் கூப்பிட்டுத் தன் போனைக் காட்டினார். அவர்கள் குடும்பக் குழுவில் துபாயில் இருக்கும் சித்தப்பா மகன் அந்தப் படத்தை அனுப்பியிருந்தார். ரோஸ் கவுன், கீழே நான் எழுதிய அதே வரி. எங்கெங்கோ சுற்றி அங்கே போயிருக்கிறது. கும்பிடும் கைகள், அழும் முகங்கள் வரிசையாக விழுந்திருந்தன. ‘நம்ம ஊருப் புள்ள போல, பாவம்’ என்று ஒருவர். ‘இப்ப எப்படி இருக்கோ’ என்று டீச்சருடைய அத்தை.

“ஒருத்தருக்கும் தெரியல டீச்சர்,” என்றார். “என்ன பதில் போடலாம்?”

அந்த வரி என்னுடையது என்பதைத் தவிர வேறு எதுவும் என் மனதில் ஓடவில்லை.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். ‘நல்லாத்தான் இருக்கா அத்தை.’ அனுப்பிவிட்டு, போனை மேஜை டிராயருக்குள் கவிழ்த்து வைத்து மூடினார். மணி அடித்தது. சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு பத்தாம் வகுப்புக்குப் போனார்.

எனக்கும் அந்த நேரம் வகுப்பு இருந்தது. நான் கொஞ்சம் தாமதமாகத்தான் எழுந்தேன்.